விட்டு விட்டு வரும் மின்கோளாறு: பைக்கில் அதைப் பிடிப்பது எப்படி

தூத்துக்குடியில் டூவீலர் வயரிங் வேலை பார்க்கிறவன் நான். மொத்தமாகச் செத்துப்போய் வரும் வண்டி எனக்குச் சிரமமே இல்லை. போனது போனபடியே கிடக்கும், தேடினால் அகப்பட்டுவிடும். பாடாய்ப் படுத்துவது வேறு வகை. "அண்ணாச்சி, ரோட்டுல திடீர்னு நின்னுருது. அஞ்சு நிமிஷம் கழிச்சு அடிச்சா ஸ்டார்ட் ஆயிருது. உங்க கடைக்கு வந்தா மட்டும் நல்லா ஓடுது" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். பலர் அதற்குள் பேட்டரி, சி.டி.ஐ. (ஸ்பார்க்கை உரிய நேரத்தில் அடிக்கவைக்கும் பெட்டி), காயில் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்திருப்பார்கள். பணம் போயிருக்கும், குறை போயிருக்காது.

நான் பிடிவாதமாக இருப்பது ஒரு விஷயத்தில்தான். குறை நடக்கும்போது அதைக் கண்ணால் பார்க்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றக் கூடாது. விட்டு விட்டு வரும் கோளாறு இஷ்டத்துக்கு வருவதில்லை. சூடு, ஈரம், குலுக்கல், ஹேண்டில் திருப்பம், கூடுதல் லோடு, இதில் ஏதாவது ஒன்று சேரும்போதுதான் வரும். அது எது என்று கண்டுபிடித்து, வண்டி நிற்கிற இடத்திலேயே அதே நிலைமையை உண்டாக்கினால் குறை தானாக வெளியே வரும். கீழே சொல்லப்போவதெல்லாம் அதற்கான வழிகள்.

ஸ்பேனரை எடுக்கும் முன்

வண்டி நின்ற அந்த நொடியில் என்னென்ன செத்தது? இதுதான் முதல் கேள்வி, பாதி வேலை இதிலேயே முடியும். மீட்டர் விளக்கு, ஹாரன், இன்ஜின் எல்லாம் ஒன்றாகப் போனால் குறை பொதுவான வழியில் இருக்கிறது: பேட்டரி டெர்மினல், மெயின் பியூஸ், சாவி சுவிட்ச், மெயின் எர்த் (பேட்டரி மைனஸை சேசிசோடும் இன்ஜினோடும் இணைக்கும் வயர்). இன்ஜின் மட்டும் நின்று நியூட்ரல் லைட் எரிந்துகொண்டிருந்தால் கில் சுவிட்ச் (இன்ஜினை நிறுத்தும் ஹேண்டில் சுவிட்ச்), சைடு ஸ்டாண்டு சுவிட்ச், பல்சர் காயில் (எப்போது ஸ்பார்க் வேண்டும் என்று சொல்லும் காயில்), எச்.டி. காயில் (பிளக்குக்கு உயர் வோல்ட்டேஜ் தரும் காயில்) பக்கம் பாருங்கள். சாகாமல், விளக்கு மங்கி இண்டிகேட்டர் சோம்பலாக அடித்தால் பேட்டரி அல்லது சார்ஜிங்.

அடுத்து, எப்போது வருகிறது? காலையிலா, மழையிலா, வேகத்தடையிலா, அரை மணி நேரம் ஓடிய பிறகா, பிரேக் பிடிக்கும்போதா? வண்டி ஓட்டுகிறவருக்கு இது தெரிந்திருக்கும், ஆனால் கேட்காமல் சொல்லமாட்டார். உங்கள் வண்டி என்றால் ஒரு நோட்டில் எழுதுங்கள். நாலைந்து தடவை எழுதினாலே ஒரு ஒழுங்கு தெரியும்.

எங்கள் ஊருக்கே உரிய ஒரு உதாரணம் சொல்கிறேன். உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒருவரின் பழைய 100 சிசி கார்புரேட்டர் வண்டி. விடியும் முன் வேலைக்குப் போகும்போது மட்டும் நிற்கும். பத்து மணிக்குக் கடைக்குக் கொண்டுவந்தால் எந்தக் குறையும் இருக்காது. வேறு இடத்தில் சி.டி.ஐ.யும் பிளக்கும் மாற்றியாகிவிட்டது. வண்டி நின்றால் அவருக்கு அன்றைய கூலி போச்சு. விடிகாலையில் இருந்து பத்து மணிக்கு இல்லாதது எது? பனி ஈரம். பூச்செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரே பாட்டிலை எடுத்து, இன்ஜினை ஐடிலில் விட்டு, ஒவ்வொரு கப்ளராக (வயர்களைச் சொருகி இணைக்கும் பிளாஸ்டிக் கட்டை) ஈரம் காட்டினேன். ஹெட்லைட் டூமுக்குள் இருந்த ஒரு கப்ளரில் தண்ணீர் பட்டதும் இன்ஜின் அடங்கியது. உள்ளே உப்பும் பச்சைக் களிம்பும். அந்தக் கப்ளரில்தான் இன்ஜினை நிறுத்தும் வயர் எர்த் பின்னுக்குப் பக்கத்தில் இருந்தது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஏ.சி. சி.டி.ஐ. உள்ள பழைய சின்ன வண்டிகளில் இக்னிஷனுக்குப் பேட்டரி தேவையில்லை. மேக்னட்டில் இருக்கும் தனிக் காயில் நூறு வோல்ட்டுக்கு மேல் கொடுக்கும். சாவியை அணைத்தால் அந்த மின்சாரம் எர்த்துக்குப் போய் ஸ்பார்க் நிற்கும். அதாவது அந்த நிறுத்தும் வயர் எங்கே உரசி பாடியில் பட்டாலும், ஈரத்தில் கசிந்தாலும், சாவியை அணைத்ததாகவே அர்த்தம். சந்தேகம் வந்தால் சி.டி.ஐ. பக்கத்திலேயே அந்த ஒரு வயரை மட்டும் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். குறை வரவில்லையென்றால் சி.டி.ஐ. நல்லது, வயரும் சுவிட்சும்தான் குற்றவாளி. அப்படி ஓட்டும்போது சாவியை அணைத்தாலும் இன்ஜின் நிற்காது. பிரேக்கைப் பிடித்து, கியரில் வைத்து, கிளட்சை விட்டு நிறுத்த வேண்டும். கூட்டமில்லாத இடத்தில் மட்டும் செய்யுங்கள். பேட்டரி மின்சாரத்தில் ஓடும் டி.சி. சி.டி.ஐ., எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும்) வண்டிகளில் கதை நேர்மாறு. அங்கே கில் சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டிக்கும், அதனால் லூஸ் காண்டாக்ட்தான் வண்டியை நிறுத்தும்.

பேட்டரியும் எர்த்தும்

எந்தக் குறையானாலும் நான் கையை முதலில் வைப்பது பேட்டரி டெர்மினலில்தான். ஸ்குரூ பார்வைக்கு இறுகியிருக்கும், விரலால் ஆட்டினால் லக் (வயர் முனையில் உள்ள உலோக வளையம்) சுழலும். வெள்ளையாகவோ நீலமாகவோ பொடி பூத்திருந்தால் கழற்றி, வெந்நீரில் கொஞ்சம் சமையல் சோடா கரைத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். வோல்ட்டேஜ் எகிறி ஆர்.ஆர். யூனிட்டையும் (சார்ஜிங் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி) இ.சி.யு.வையும் (எஃப்.ஐ. வண்டியின் கம்ப்யூட்டர்) சேர்த்து எரித்துவிடும்.

ராத்திரி முழுக்க நிறுத்திவைத்த வண்டியில் நல்ல பேட்டரி 12.6 முதல் 12.8 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்கு வந்துவிட்டால் அது கிட்டத்தட்ட காலி. ஸ்டார்ட்டர் அழுத்தும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம், அல்லது வழியில் எங்கோ அடைப்பு.

அந்த அடைப்பைக் கண்டுபிடிப்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து வயரின் இரண்டு முனையையும் தொடுவார்கள். பீப் என்று கத்தும். "வயர் நல்லாருக்கு" என்று விட்டுவிடுவார்கள். இருபது இழையில் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் மிச்சமிருந்தாலும் மீட்டர் கத்தும். மீட்டர் அனுப்பும் மின்சாரம் அவ்வளவு சின்னது. ஸ்டார்ட்டரோ ஹெட்லைட்டோ இழுக்கும்போது அந்த ஒற்றை இழை தாங்காது.

ஆகவே லோடு இருக்கும்போது அளக்க வேண்டும். மீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரி மைனஸ் கட்டையின் மேல். லக்கின் மேல் வைக்காதீர்கள், வைத்தால் லக்குக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள குறை தப்பித்துவிடும். சிவப்பு முனை இன்ஜின் கேசில் பெயிண்ட் இல்லாத இடத்தில். இப்போது ஸ்டார்ட்டரை அழுத்துங்கள். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் அந்த வழியில் எங்கோ துரு, லூஸ், அல்லது உள்ளே அறுந்த வயர். இதே மாதிரி ஹெட்லைட்டை எரியவிட்டு ஹெட்லைட் எர்த்துக்கும் பேட்டரி மைனசுக்கும் நடுவே அளக்கலாம். சாவி சுவிட்சின் உள்ளே வரும் வயருக்கும் வெளியே போகும் வயருக்கும் நடுவே அளக்கலாம். வயரை ஆட்டிக்கொண்டே அளந்தால் எண் குதிக்கும் இடத்தில் குறை இருக்கிறது.

எர்த் லக் சேசிசில் இறுகும் இடத்தைக் கட்டாயம் கழற்றிப் பாருங்கள். சேசிசுக்குப் பெயிண்ட் அடித்த பிறகு அதைச் சுரண்டாமலே எர்த்தை இறுக்கியிருப்பார்கள். போல்ட்டின் மரை வழியாக மட்டும் மின்சாரம் ஓடி, கொஞ்ச நாளில் துருப்பிடித்து, "எல்லா லைட்டும் ஒன்னோட ஒன்னு கலந்து எரியுது" என்று வண்டி வரும். பிரேக் அழுத்தினால் இண்டிகேட்டர் மினுங்குவது அநேகமாக எர்த் குறைதான்.

ஆட்டி, திருப்பி, நனைத்து, சூடாக்கி

காற்றோட்டமான இடத்தில் இன்ஜினை ஐடிலில் விட்டு, ஹேண்டிலை இடக்கோடி முதல் வலக்கோடி வரை மெதுவாகத் திருப்புங்கள். சேசிசின் கழுத்தில் வயரிங் வளைந்து போகும் இடம் ஒவ்வொரு திருப்பத்திலும் மடங்குகிறது. வெளி உறை அப்படியே இருக்க, உள்ளே செம்பு அறுந்திருக்கும். சந்தேகப்பட்ட வயரைத் தனியாகப் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். நல்ல வயர் விறைப்பாக இருக்கும். அறுந்த வயரில் அந்த இடத்தில் உறை மட்டும் நீண்டு இழுபடும். கையே சொல்லிவிடும், மீட்டர் வேண்டாம்.

அடுத்து டேங்கைத் தூக்கி, வயரிங் சேசிசோடு உரசும் இடங்கள், சீட்டுக்குக் கீழே நசுங்கும் இடம், பின் மட்கார்டுக்குள் டயர் தொடும் இடம். கனமான ஆள் பின்னால் ஏறினால் மட்டும் பியூஸ் போகும் வண்டிகளில் மட்கார்டு பக்கம்தான் முதலில் பார்ப்பேன்.

ஈரத்துக்கு ஸ்பிரே பாட்டில். ஒரு நேரத்தில் ஒரு கப்ளர், பிறகு ஒரு நிமிஷம் பொறுமை. எல்லாவற்றையும் ஒன்றாக நனைத்தால் எது என்று தெரியாமல் போகும். பிளக் வயரை மட்டும் இருட்டில் சோதியுங்கள். லேசாகத் தண்ணீர் தெளித்து இன்ஜினை ஓடவிட்டால், வயரிலோ பிளக் கேப்பிலோ கீறல் இருக்கும் இடத்தில் நீலப் பொறி ஊர்ந்து இன்ஜினுக்குத் தாவும். அப்போது கையால் தொடாதீர்கள்.

சூட்டுக் குறை தனி இனம். இருபது, முப்பது நிமிடம் ஓடி நிற்கும், ஆறினால் ஸ்டார்ட் ஆகும். மின்சாரத்தைக் குறை சொல்லும் முன் ஒரு காரியம் செய்யுங்கள்: நின்றவுடன் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து மூடிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போய் வண்டி உடனே ஓடினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. வயரிங்கில் தேட ஒன்றுமில்லை.

மூடி நன்றாக இருந்தால், சூடு ஆறும் முன்பே ஸ்பார்க் பார்க்க வேண்டும். இதற்காக ஒரு நல்ல பிளக்கும் பிளக் ஸ்பேனரும் வண்டியிலேயே இருக்கட்டும். கேப்பில் அந்தப் பிளக்கை மாட்டி, அதன் உலோகப் பகுதியை இன்ஜினோடு அழுத்திவைத்து, கார்புரேட்டருக்கும் பெட்ரோல் டியூபுக்கும் தள்ளி, கிக்கர் அடியுங்கள். இன்ஜினில் உள்ள பிளக்கைக் கழற்றாமல் விட்டால் பெட்ரோல் ஆவி வெளியே வராது. பளிச்சென்று நீலமாக அடித்தால் இக்னிஷன் நல்லது. அடிக்கவில்லை, ஆறிய பிறகு அடிக்கிறது என்றால் பல்சர் காயிலோ எச்.டி. காயிலோ சூட்டில் உள்ளே விடுகிறது. கடையில் இதை உறுதிசெய்ய ஹேர் டிரையர் போதும். காயிலை மீட்டரில் மாட்டி, ஓம் அளவைப் பார்த்துக்கொண்டே சூடுகாட்டுங்கள். செம்புக் கம்பி சூடானால் ஓம் கொஞ்சம் கூடுவது இயல்பு. திடீரென எண் ஓடிப்போய் வழியே இல்லை என்று காட்டினால் உள்ளே கம்பி விட்டுவிட்டது. சரியான ஓம் எவ்வளவு என்பது மாடலுக்கு மாடல் மாறும், உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள்.

பிளக் கேப்பை மறக்காதீர்கள். அது வயரில் மரை போல் திருகி உட்காரும். வயர் முனை கறுத்திருந்தால் ஐந்து மில்லிமீட்டர் வெட்டி மறுபடி திருகினாலே சில வண்டிகள் சரியாகிவிடும்.

பியூஸ் அவ்வப்போது போனால்

சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளைச் சுற்றி பியூஸ் கட்டையில் சொருகியிருந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். பியூஸ் போகாது, வயரிங் முழுதும் உருகும். பெட்ரோல் டேங்குக்குக் கீழேதான் அந்த வயரிங் போகிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

பியூசுக்குப் பதில் பல்பு மாட்டுங்கள். 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்று, ஹோல்டர், இரண்டு வயர், முனையில் பழைய பியூஸின் கால்கள். இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் போடுங்கள். மீட்டர் விளக்கு போன்ற சின்ன லோடுக்குப் பல்பு மங்கலாக இருக்கும், அல்லது எரியவே எரியாது. எங்காவது ஷார்ட் ஆனால் முழு வெளிச்சத்தில் எரியும். ஷார்ட் ஆனாலும் 1.75 ஆம்பியருக்கு மேல் ஓட பல்பு விடாது, அதனால் வயர் வேகாது. இனிப் பல்பைப் பார்த்துக்கொண்டே வயரிங்கை முன்னாலிருந்து பின்வரை ஆட்டுங்கள், ஹேண்டிலைத் திருப்புங்கள், சீட்டில் ஆளை உட்காரவையுங்கள். பல்பு பளிச்சிடும் இடத்தில் நில்லுங்கள். பளிச்சிட்டது அணையாமலே இருந்தால் கப்ளர்களை ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். எதைப் பிரித்ததும் மங்குகிறதோ அந்தக் கிளையில் ஷார்ட். ஆயிரக்கணக்கில் விலையுள்ள கருவி எதுவும் எனக்கு இந்தப் பல்பு அளவுக்கு உழைத்ததில்லை.

ஒரு எச்சரிக்கை: பல்பு டெஸ்டரை இ.சி.யு.வுக்குப் போகும் வயர்களில் வைக்காதீர்கள். அங்கே மல்டிமீட்டர் மட்டும்தான்.

பியூஸ் கட்டையையும் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறி இருந்தால் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்து சூடாகிறது என்று பொருள். பியூஸ் நல்லதாகவே இருக்கும், கட்டைதான் விட்டு விட்டுப் பிடிக்கும்.

உப்பும் வெள்ளமும் கூடுதல் பிட்டிங்கும்

கடற்காற்று அடிக்கும் ஊரில் கப்ளர்தான் பாதிக் கோளாறுக்குக் காரணம். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். 2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. மாவட்டமே தத்தளித்தது, மூழ்கிய வண்டிகளுக்குக் கணக்கில்லை. ஆயில் மாற்றி, காயவைத்து ஓட்டினார்கள், ஓடியது. மாதங்கள் கழித்துத்தான் ஒவ்வொன்றாகக் குறை தொடங்கியது. தண்ணீர் உறைக்குள்ளே ஏறி, செம்பு கறுத்துப்போயிருந்தது. கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போய், அங்கே புது வயர் சேர்க்க வேண்டும். மூழ்கிய வண்டி உங்களுடையது என்றால், குறை வரும்வரை காத்திருக்காமல் எல்லாக் கப்ளரையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

சுத்தம் செய்ய காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே, மெல்லிய பிரஷ். பெண் பின் அகன்று தளர்ந்திருந்தால் ஊசியால் லேசாக நெருக்கிவிடுங்கள். மாட்டும் முன் டைஎலக்ட்ரிக் கிரீஸ், இல்லாவிட்டால் வாசலின் கொஞ்சம். வாட்டர் வாஷில் டீசல் ஸ்பிரே அடித்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ரப்பர் ஊதும், தூசி அப்பும். பிரஷர் தண்ணீரை ஹேண்டில் சுவிட்சிலும் மீட்டரிலும் அடிக்கவும் விடாதீர்கள்.

கூடுதலாக மாட்டிய எல்.ஈ.டி., மொபைல் சார்ஜர், அலாரம், இரட்டை ஹாரன் இருந்தால் எல்லாவற்றையும் முதலில் பிரித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். வயரைச் சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றியிருப்பார்கள். எங்கள் வெயிலில் டேப்பின் பசை உருகி வழிந்து இணைப்பு வெறுமனே நிற்கும். ஈயம் வைத்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டால் நிற்கும். ஆனால் கழுத்துப் பகுதி போல மடங்கும் இடத்தில் ஈயம் வைக்காதீர்கள். ஈயம் முடியும் ஓரத்தில் வயர் ஒடியும். அங்கே முழு நீள வயர்தான் போட வேண்டும்.

சார்ஜிங், எஃப்.ஐ. இரண்டைப் பற்றியும் சுருக்கமாக

இன்ஜினைக் கொஞ்சம் முறுக்கினால் பேட்டரியில் 13.5 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். இதை வண்டி குளிர்ந்திருக்கும்போது அளந்துவிட்டுத் திருப்தியடையாதீர்கள். ஆர்.ஆர். யூனிட் சூட்டில்தான் விடும். அரை மணி நேரம் ஓட்டிவந்து மறுபடி அளங்கள். 15-ஐத் தாண்டினால் யூனிட்டோ அதன் எர்த்தோ போய்விட்டது, பல்புகள் அடிக்கடி போவதற்கும் அதுவே காரணம். குறைந்தால் ஸ்டேட்டரிலிருந்து (இன்ஜினுக்குள் மின்சாரம் உண்டாக்கும் காயில் தொகுதி) வரும் கப்ளரைப் பாருங்கள். மூன்று ஒரே நிற வயர் வரும் வண்டிகளில் அந்தக் கப்ளர் கருகியிருப்பது மிகச் சாதாரணம்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்த பிறகு சின்ன வண்டிகளும் பெரும்பாலும் எஃப்.ஐ. ஆகிவிட்டன. சாவி போட்டதும் பெட்ரோல் பம்ப் ஓரிரு நொடி முனகும். குறை நடக்கும் நேரத்தில் அந்த முனகல் இல்லையென்றால் பம்ப் பியூஸ், ரிலே, கில் சுவிட்ச், எர்த் என்ற வரிசையில் போங்கள். மஞ்சள் இன்ஜின் விளக்கு மின்னினால் மின்னும் முறையை அழியுமுன் போனில் வீடியோ எடுத்துவையுங்கள், சர்வீஸில் அது உதவும்.

எவ்வளவு முயன்றும் கடையில் குறை வராவிட்டால், சந்தேகப்பட்ட சப்ளை வயரிலிருந்து ஒரு சின்ன இண்டிகேட்டர் எல்.ஈ.டி.யை ஒரு சின்ன பியூசோடு இழுத்து மீட்டர் பக்கத்தில் ஒட்டி, வழக்கமான ரோட்டில் ஓட்டுங்கள். இன்ஜின் நிற்கும்போது எல்.ஈ.டி.யும் அணைந்தால் சப்ளை போகிறது. எரிந்துகொண்டே இருந்தால் அதற்கு அப்பால் தேடுங்கள். டி.சி. சப்ளை வயரில் மட்டும் இதைச் செய்யுங்கள், காயில் பக்கம் வேண்டாம்.

சரிசெய்த பிறகு, எந்த நிலைமையில் குறை வந்ததோ அதே நிலைமையில் சோதியுங்கள். ஈரத்தில் நின்ற வண்டியை நனைத்து ஓட்டுங்கள், சூட்டில் நின்றதை அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டுங்கள், ஆள் ஏறினால் பியூஸ் போனதில் ஆளை ஏற்றுங்கள். உப்பள வண்டியை நான் ராத்திரி கடை வாசலில் பனியிலேயே நிறுத்தச் சொன்னேன். விடியும் முன் அவரே வந்து, அங்கிருந்தே ஸ்டார்ட் செய்து வேலைக்குப் போனார்.